வாஷ்பேசினில் டேபிள் ரோஸ்

ஊரே தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஒரு கோடையில், இருபத்திரண்டு பூச்செடிகளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றவன் நான்.

வெயிலில் காய்ந்து செத்தன என்று சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். எனக்கும் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் ஸ்கூட்டர் பழகப் போய்க் கோழிக்கூண்டுக்குள் நின்ற கதையைப் போன வாரம் எழுதிய பிறகு, இந்தத் தொடரில் என் கௌரவத்துக்கு இனி வேலையில்லை. எனவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவை மூழ்கித்தான் செத்தன. ஊறுகாய் ஜாடிக்குள், கழுத்தளவு சேற்றில், ஒன்றன்பின் ஒன்றாக.

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் இருபத்தாறு வருடமாகப் பீங்கான் கடை வைத்திருக்கிறேன். டீ கப், ஊறுகாய் ஜாடி, பொம்மை, டைல்ஸ். ஜாடி விற்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கையில் ஜாடியை ஏந்தி, வலது கையின் விரல் மூட்டால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் நல்ல ஜாடி. 'டொக்' என்றால் எங்கேயோ விரிசல் இருக்கிறது, எண்ணெய் கசியும், வாங்கியவர் மறுவாரம் ஜாடியோடு சண்டைக்கு வருவார்.

செடி வைக்கலாம் என்று தோன்றியதும் கடையின் பின்கட்டில் தேங்கிக் கிடந்த நாற்பது ஜாடிகளை இறக்கினேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். 'டொக்' என்றவற்றை ஒதுக்கினேன். ஒரு சொட்டுக்கூடக் கசியாத இருபத்திரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, துணியால் துடைத்து, வீட்டுக்குக் கொண்டு போனேன்.

பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் விரல் மூட்டுக்குத்தான் தெரியாது.

படுத்திருக்கிற சுவர்

அந்தச் செடிகள் எல்லாம் என் மனைவி ஜொஹராவுக்காக.

மாசி கடைசியில் ஒரு காலை அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு வீடு திரும்பினாள். வழுக்கியது அவள் கால். வழுக்க வைத்தவன் நான்.

அதற்கு ஒரு வருடம் முன்பு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினோம். கடையில் நீல நிற டைல்ஸ் பத்துப் பெட்டி விற்காமல் கிடந்தது. வானத்தைத் துடைத்து வைத்த மாதிரி ஒரு பளபளப்பு. கொத்தனார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாய், இது செவுத்துக்கு ஒட்டறது. தரையில போட்டா சறுக்கும்."

"தரைங்கறது படுத்துக்கிட்டு இருக்கற செவுருதானேய்யா. ஒட்டு."

இந்த நகைச்சுவையை நான் ஒரு வாரம் கடையில் சொன்னேன். இரண்டு கல்யாண வீடுகளில் சொன்னேன். வேப்பூர் போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லி, அவர் சிரிக்காததால் இரண்டாம் முறை விளக்கமாகச் சொன்னேன். ஜொஹரா விழுந்த அன்று அந்த நீல டைல்ஸ் மேல் நின்றுகொண்டு நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டபோது, எனக்கே கால் இரண்டு முறை வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டில் சிரிப்பு என் இலாகா, பேச்சு அவளுடைய இலாகா. நான் துண்டைக் கட்டிலில் போட்டால் அதற்கு ஒரு கால் மணி நேரம் பேசுவாள், அதில் என் சித்தப்பா வரை வந்து போவார்கள். அப்படிப்பட்டவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு 'ம்', 'சரி', 'வேணாம்' என்று மூன்றே சொற்களில் குடும்பம் நடத்தினாள்.

திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கிழக்கு ஜன்னலைப் பார்த்தபடி எதிர்ச் சுவரோரம் அவள் கட்டிலைப் போட்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே நாலடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம், அதற்கப்பால் பூசாத காம்பவுண்டுச் சுவர். கட்டிலில் சாய்ந்தபடி நாள் முழுதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜொஹரா பாக்கறே?"

"செவுரு."

அந்த ஒரு சொல்லுக்கு என் உடம்பில் எங்கெங்கேயோ வலித்தது. கடையைத் திறந்து உட்கார்ந்தாலும் அந்தச் சுவர் எதிரே வந்து நின்றது. அந்த ஜன்னலுக்கு வெளியே ஏதாவது முளைக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் பழையபடி வாய் திறந்து என்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும். அந்தக் கோடையில் எனக்கு இருந்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

மூழ்கியவர்கள்

ஜினியா, நித்தியகல்யாணி, துலுக்கச் சாமந்தி. மூன்றும் வெயில் தாங்கும் என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன். துலுக்கச் சாமந்தி பேரளவில் எங்களுக்குச் சொந்தம். சொந்தக்காரர் என்பதால் அதற்குக் கூடுதலாக ஒரு சொம்பு ஊற்றினேன்.

பளபளப்பாக மெருகு பூசிய ஜாடி மூச்சு விடாது. மண்பானை என்றால் பக்கவாட்டில் கசிந்து காயும். இதில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. மேல்மண் வெயிலில் வெளுத்திருக்கும், நான் ஐயோ பாவம் என்று இன்னொரு சொம்பு ஊற்றுவேன். அடியில் செடி தன் கால்களைச் சேற்றில் ஊறவைத்துக்கொண்டு அழுகும். எட்டாம் நாள் ஒரு வாடை வந்தது. பத்தாம் நாள் அந்த வாடை ஜன்னல் வழியாக ஜொஹராவின் கட்டில் வரை போனது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது பிலோமினா அக்கா. கோயில் தெருவுக்குப் பின்னால் மாதா கோயிலை ஒட்டி இருப்பவர். ஜொஹராவைப் பார்த்துக்கொள்ளக் காலை ஒன்பது மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போவார். ஒரு ஜாடியைச் சாய்த்துப் பார்த்தார். கறுப்பாக ஒழுகியது.

"பாய், செடிக்கு நீச்சல் தெரியாதுங்க."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பை விழுங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எட்டிப் பார்த்தபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூளைக் கதவு

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் காத்திருத்தலுக்கும் உள்ள பகை இந்த ஜாடிகளில் ஆரம்பித்ததல்ல.

மீசை முளைத்த புதிதில் ஒரு கப் பட்டறையில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். சூளை எரிந்து முடிந்ததும் கதவைச் செங்கல் வைத்து அடைத்தபடியே விட்டுவிடுவார்கள். உள்ளே சூடு தானாக இறங்க வேண்டும். ஒரு நாள் ஆகும், இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை பட்டறையில் ஒருத்தரும் அந்தப் பக்கம் அவசரமாக நடக்கக்கூட மாட்டார்கள்.

எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரே ஒரு செங்கல்லை உருவினேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓர் இருட்டு. அந்த இருட்டுக்குள் கப்புகள் அடுக்கடுக்காக, ஏதோ கனவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம் என் தோளைத் தாண்டி வெளிக்காற்று உள்ளே போனது. 'ணிங்' என்றது ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மழை மாதிரி, ணிங், ணிங், ணிங் என்று, முன் இரண்டு வரிசையும் விரிசல் விட்டு முடிந்தது.

மேஸ்திரி கத்தவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, நீ வேற வேல பாரு," என்றார்.

வேறு வேலைதான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டை உள்ள சாமான்

ஜாடிகளைக் கவிழ்த்துக் கழுவி வைத்த மறுநாள், ஊருக்கு வெளியே கழிவறைப் பீங்கான் செய்யும் பட்டறைக்குப் போனேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் செல்வராசு என் பழைய சிநேகிதர். புள்ளி விழுந்தது, ஓரம் கோணியது என்று விலைக்குப் போகாத சாமான்கள் பட்டறைக்குப் பின்னால் வெயிலில் குவிந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கொக்குகள் இறங்கிய வயல் மாதிரி இருக்கும். கிட்டே போனால் என்ன கொக்கு என்று தெரிந்துவிடும்.

"இன்னா பாய், இந்த வெயிலுல?"

"அடியில ஓட்ட இருக்கற சாமான் ஏதாவது இருக்குதா?"

செல்வராசு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்ட இல்லாததுக்குத்தான வருவீங்க. ஒடம்பு நல்லா இருக்குதா?"

"செடி வைக்கறதுக்குய்யா."

"ஓட்டன்னா இதோ பாரு பாய், இதுல இருக்குது ஓட்ட," என்று கழிவறைக் கோப்பை ஒன்றைக் காலால் நகர்த்தினார். "நாலு இஞ்சு. வேருக்குக் காத்தோட்டம்னா காத்தோட்டம்."

நான் யோசித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. நல்ல ஆழம், நல்ல கனம். படம் எடுத்து ஜொஹராவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"கக்கூஸ் கோப்பையில பூ வெச்சி என் மூஞ்சிக்கு நேரா வெக்கப் போறீங்களா?"

மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். நான் போனை மூடிவிட்டு, "செல்வராசு, பேசிட்டாய்யா," என்றேன். ஆனால் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தபோது சந்தோஷம் வடிந்துவிட்டது. அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. கோபம் இல்லாத ஜொஹரா எனக்குத் தெரியாத ஒரு பெண்.

கடைசியில் ஆறு வாஷ்பேசின்கள் கிடைத்தன. வெள்ளை. ஒன்றில் கடுகளவு புள்ளி, ஒன்றில் ஓரம் லேசாகச் சிரித்தபடி வளைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை. குட்டியானை லாரியில் ஏற்றி வந்து, ஜன்னலுக்கு நேராகச் செங்கல் அடுக்கி, அதன் மேல் வரிசையாக வைத்தேன்.

பிலோமினா அக்கா வாசலில் நின்று பார்த்தார். "இன்னாங்க பாய், பந்தி எப்போ? கை கழுவற எடம் ரெடியா இருக்குது."

மொபெட் அம்மா

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கத்திலிருந்து மொபெட்டில் செடித்தட்டுகளைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவார். முண்டாசு கட்டியிருப்பார், அதற்கு மேல் ஹெல்மெட். எங்கள் கடைக்கு எதிரே புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்துவார்.

"இந்த வெயிலுக்கு எதும்மா நிக்கும்?"

"டேபிள் ரோஸு நிக்கும். வாடாமல்லி நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க, மொதல்ல நெழலுக்கு வாங்க."

டேபிள் ரோஸ் பார்க்க ஒன்றுமில்லை. விரல் நீளத் தண்டு, அரிசி அரிசியாகச் சதைப்பற்றான இலை. உடைத்து மண்ணில் குத்தினாலே வேர் பிடிக்கும் என்றார். நிழலில் வைத்தால் கோபித்துக்கொள்ளும், உச்சி வெயிலில் வைத்தால் குஷியாகும் என்றார்.

"தண்ணி?"

"நாக்க நனைக்கற மாரி ஊத்துனாப் போதும். ரொம்பக் கொஞ்சாதீங்க."

எனக்கு யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஓட்டையின் மேல் உடைந்த கப் துண்டைக் கவிழ்த்து, செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய சாணமும் சரிக்குச் சரி கலந்து நிரப்பினேன். நான்கு பேசினில் டேபிள் ரோஸ், ஓரத்து இரண்டில் வாடாமல்லி. இந்த முறை தண்ணீருக்கு ஒரு டீ கப்தான் அளவு. அதிகாலைத் தொழுகை முடித்து வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த மங்கலில் ஆறு வெள்ளைப் பேசின்களும் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருக்கும். ஜங்ஷனில் ஏதாவது ஒரு ரயில் நீளமாக மூச்சு விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப் ஊற்றுவேன். மண் 'உஸ்' என்று குடிக்கும். ஜன்னலுக்குள் ஜொஹரா விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மொக்கோடு சரி

மூன்றாம் வாரம் மொக்கு விட்டது. வாடாமல்லி நாணயமான பூ. பூத்தது, பூத்தபடி நின்றது, காலையிலும் மாலையிலும் ஒரே ஊதா முகம். டேபிள் ரோஸ்தான் என்னை அலைக்கழித்தது.

நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் மத்தியானம் மூன்றுக்குத்தான் சாப்பிட வருவேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் கடையிலிருந்தே போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் கூட்டம், அன்றைக்குக் கடையை மூட முடியாது. கிளம்பும்போது பார்த்தால் மொக்குகள், ஒவ்வொன்றும் மடக்கிய குடை மாதிரி, நுனியில் கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் மஞ்சள். சரி, இன்றைக்கு விரியும் என்று போவேன். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் அதே மொக்குகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தொங்கும். மறுநாள் காலை வேறு மொக்குகள் நிற்கும். மூன்று மணிக்கு அவையும் பிழிபட்டிருக்கும்.

மொக்கிலேயே கருகும் நோய் என்று நானே முடிவு செய்தேன். உரக்கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். போட்டேன். டீக்கடைக்காரர் டீத்தூள் சக்கை போடச் சொன்னார். போட்டேன். முட்டை ஓடு போடச் சொன்னவருடைய தொழிலே எனக்குத் தெரியாது, அவர் சொன்னதையும் போட்டேன். செல்வராசு நுனியைக் கிள்ளிவிடச் சொன்னார். ஒரு காலையில் கிள்ளிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்."

என் முதுகு வலிக்குமே என்ற அக்கறை என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

இதற்கிடையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, இனி நடைதான் மருந்து, இந்த மாதத்துக்குள் ஊன்றி நடக்காவிட்டால் முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும் என்றார் டாக்டர். நான்கு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்று வாங்கி வந்து கட்டிலோரம் நிறுத்தினேன்.

அவள் காலை ஊன்றவில்லை. ஒரு நாள் இல்லை, பத்து நாள் இல்லை. அக்னி நட்சத்திரம் பிறந்தும் இல்லை. பிலோமினா அக்கா கெஞ்சினார். சவூதியில் தம்மாமில் வேலை செய்யும் எங்கள் மகன் யாசின் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

"வேணாம். வழுக்கும்," என்றாள்.

அந்த நீல டைல்ஸ் முழுவதையும் கொத்தனாரை வைத்துப் பெயர்த்தெடுத்து, சொரசொரப்பான பழுப்பு டைல்ஸ் ஒட்டினேன். கொத்தனார் பெரிய மனுஷர், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. உளியால் மட்டும் கொஞ்சம் ஓங்கி அடித்தார். ஜொஹராவிடம் வந்து, "தரைய மாத்திட்டேன், இப்ப வழுக்காது," என்றேன். "ம்," என்றாள். ஊன்றுகோலில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. காலைக்குக் காலை டாக்டர் சொன்ன நாள் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு காலை ஏழரை இருக்கும். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஜொஹரா மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, என் மேல் கோபப்பட்டுப் பழகிவிட்டது, மீதி இருந்தது டேபிள் ரோஸ்தான். வாடாமல்லி நாற்று ஒரு கட்டு வாங்கி வந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று அறிவித்தேன்.

"ஜொஹரா, இன்னிக்கு இந்த டேபிள் ரோஸையெல்லாம் புடுங்கிப் போட்டுடறேன். ஒரு மாசமா மொக்கக் காட்டி ஏமாத்துது. பூத்துத் தொலைக்கற எதையாவது வைப்போம்."

உள்ளேயிருந்து 'ம்' கூட இல்லை.

முதல் பேசினில் கை வைத்தேன். ஒரு பிடி வந்தது. கீழே போட்டேன். இரண்டாவது பிடியைப் பற்றியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. பிலோமினா அக்கா வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பூசை முடிந்துதானே வருவார் என்று நினைவு வந்தபோது மூன்றாவது 'டக்' கேட்டது.

நிமிர்ந்தேன். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஜொஹராவின் முகம். தலையணை உயரத்தில் இல்லை, என் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை கம்பியில். மேலுதட்டில் வியர்வை.

"அதுலேர்ந்து கைய எடுங்க."

சுட்ட மாதிரி எடுத்தேன்.

"ஜொஹரா, நீ நிக்கற."

"தெரியுது. புடுங்கிப் போட்டத எடுத்துத் திருப்பிக் குத்துங்க. தண்டு ஒடையாம. மண்ண அழுத்தாதீங்க, உங்க தல மாரி கெட்டியா ஆயிடும். எதையாவது முழுசா பாத்துருக்கீங்களா வாழ்க்கையில? செவுத்து டைல்ஸத் தூக்கித் தரையில போட்டுட்டு ஊரெல்லாம் சிரிச்சீங்க. ஊறுகா ஜாடியில செடிய ஊறப் போட்டீங்க. டீத்தூளு, முட்ட ஓடு, அந்தச் செடி என்னா டீக்கடையா வெச்சிருக்குது? கிள்ளுனீங்களே அன்னிக்கு, பத்து மொக்கு. பத்து. படுத்துக்கிட்டே எண்ணுனேன். உங்க சித்தப்பாவும் இப்படித்தான், மாமரத்த..."

சித்தப்பா வந்துவிட்டார். நான் கையில் ஒரு பிடி டேபிள் ரோஸோடு, கண்ணில் ஏதோ மண் விழுந்த மாதிரி நின்றேன். மாசியில் தேங்கியது, பங்குனியில் தேங்கியது, சித்திரையில் தேங்கியது எல்லாம் வந்தது. காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. நடுவில் அவள் கால் நடுங்குவதைப் பார்த்து உள்ளே ஓடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். திட்டை நிறுத்தாமலே உட்கார்ந்தாள்.

கட்டிலிலிருந்து ஜன்னல் எட்டு அடி இருக்கும். பேசிக்கொண்டே இருந்த அவளே ஒரு கணம் நிறுத்தி, திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"நடந்துட்டனா?" என்றாள் சின்னக் குரலில்.

"நடந்துட்ட."

ஊன்றுகோலை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். அப்புறம், "எங்கயும் போவாதீங்க. இப்படி ஒக்காருங்க," என்றாள்.

பத்து மணி

உட்கார்ந்தேன். எட்டரை ஆனது. என் கால்கள் பழக்கத்தில் ஒரு முறை எழுந்திருக்கப் பார்த்தன. ஒன்பதரைக்குப் பிலோமினா அக்கா பூசை முடிந்து வந்தார். என்னைக் கண்டதும் நிலையிலேயே நின்றுவிட்டார். தப்பான வீட்டுக்கு வந்தவர் நானா அவரா என்பது போன்ற ஒரு பார்வை.

"பாய் இன்னும் கெளம்பலியா?"

"இன்னிக்கு இவருக்கும் காட்டிடலாம்னு இருக்கேங்க்கா," என்றாள் ஜொஹரா.

"அதான பாத்தேன்," என்ற பிலோமினா அக்கா அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்து, வாயில் கை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மாடியின் நிழல் எங்கள் சுவரிலிருந்து மெல்ல இறங்கியது. வெயில் ஓரத்துப் பேசினின் வெள்ளை விளிம்பைத் தொட்டது. உள்ளே வழிந்தது. ஒரு மொக்கு அசைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றே இல்லை. அடுத்த முறை பார்த்தபோது அதன் வாய் திறந்திருந்தது, உள்ளே மஞ்சள். அதன் பக்கத்தில் ஒரு ரோஸ். நான் எதைப் பார்க்கிறேனோ அது அசையாமல் இருந்தது, கண்ணை எடுத்த இடத்தில் ஒன்று விரிந்தது. வெயில் ஒவ்வொரு பேசினாகத் தாண்டப் பின்னாலேயே பூக்கள் திறந்துகொண்டு போயின. சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறம். எங்கிருந்தோ கொசுவளவு தேனீக்கள் வந்தன. பூசாத அந்தச் சிமெண்ட் சுவரில் பூக்களின் சாயல் விழுந்து, சுவருக்கே லேசாக வெட்கம் வந்த மாதிரி சிவந்தது. ஜொஹரா இத்தனை நாளும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அதை வெறும் சுவர் என்று நினைத்திருந்தேன்.

வெயில் ஏறினால் திறக்கிற பூ. மத்தியானத்துக்குள் தன் வேலையை முடித்து மூடிக்கொள்கிற பூ. நான் வாசலைத் தாண்டிய பிறகு விரிந்து, சாப்பிட வருவதற்குள் சுருங்கி, ஒரு மாதம் என் கண்ணில் படாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

பத்து மணிக்கு அவள் போனில் வீடியோ அழைப்பு வந்தது, நான் எடுத்தேன். யாசின். அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம்.

"அம்மா, இன்னிக்கு எவ்ளோ பூ?" என்றவன் என் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். "அத்தா? நீங்க இந்நேரத்துல வூட்ல இருக்கீங்களா?"

"உனக்கும் தெரியுமாடா?"

"ரூமுல எல்லாருக்கும் தெரியும் அத்தா. தெனம் இதப் பாத்துட்டுத்தான் ஷூவே மாட்டறோம். இங்க ஜன்னலத் தொறந்தா மணலு." கொஞ்சம் தயங்கினான். "அம்மாதான் உங்ககிட்ட சொல்ல வேணாம், அவரா பாக்கட்டும்னாங்க."

ஜொஹரா போனை வாங்கி, பூக்களின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பேசினாக நிதானமாகக் காட்டினாள். பிறகு தன் காலைக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் ஓர் அறையே எழுந்து நின்றது கேட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. அத்தனை வருடமும் அந்த வீட்டுக்குத் தினமும் பத்து மணி வந்து போயிருக்கிறது. நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. எந்த வெளிச்சம் எந்தச் சுவரில் விழும், அந்த நேரத்தில் ஜொஹரா யாரோடு பேசுவாள், என்ன நினைத்துச் சிரிப்பாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரன் மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜொஹரா, இனிமே தெனமும் பத்து மணி வரைக்கும் இருந்து, உங்கூட ஒக்காந்து இதப் பாத்துட்டுத்தான் போவேன்," என்றேன்.

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைக்கு நேரமாச்சு, கெளம்புங்க."